தொழுவத்தில் பிறந்த சொல்

ஆங்கிலச் சட்ட நூல்களிலும் அரசாணைகளிலும் காப்பீட்டு ஆவணங்களிலும் அடிக்கடி தென்படும் 'பெக்யூனியரி' என்னும் பெயரடை, 'பணம் சார்ந்த', 'பணத்தால் அளந்து சொல்லத்தக்க' என்னும் பொருளைத் தருவது. அன்றாடப் பேச்சில் எவரும் தம் கைமுடையைச் சொல்ல இச்சொல்லை நாடுவதில்லை. தீர்ப்புரை, உயில், தண்டத் தொகையை விதிக்கும் பிரிவு, பதவியில் இருப்போரின் ஆதாயத்தைப் பற்றிய விதி ஆகிய எழுத்துகளே இதன் இருப்பிடம். தமிழில் பெரும்பாலும் ஒரே தொடரால் பெயர்க்கப்படும் 'ஃபைனான்சியல்', 'மானிட்டரி', 'பெக்யூனியரி' ஆகிய மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் ஒன்றல்ல. முதலாவது நிதியைத் திரட்டுவதையும் ஆள்வதையும் குறிக்கும். இரண்டாவது ஒரு நாட்டின் செலாவணியையும் நாணய ஏற்பாட்டையும் சுட்டும். ரோமின் நாணயச் சாலை ஜூனோ மொனேட்டா என்னும் பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி அமைந்திருந்ததால் அந்தத் தெய்வப் பெயரிலிருந்து அச்சொல் கிளைத்தது. மூன்றாவதான 'பெக்யூனியரி' குறிப்பிட்ட ஓர் ஆளுக்குப் பணமாக வந்து சேரும் ஆதாயத்தையும், பணமாக நேரும் இழப்பையும் பற்றியது. ஆகவே அது எப்போதும் யாருக்கு, எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளை உடன் அழைத்துக்கொண்டே வருகிறது.

இச்சொல்லின் நேர்மூலம் 'பெக்கூனியாரியுஸ்' என்னும் இலத்தீன் பெயரடை. அதற்கு அடி, பணத்தையும் உடைமையையும் குறித்த 'பெக்கூனியா'. அதற்கும் அடியில் இருப்பது, ஆடுமாடுகளைக் குறித்த 'பெக்குஸ்'. இந்தப் 'பெக்குஸ்' என்பதும் சமற்கிருதத்தின் 'பசு' என்பதும் ஒரே மூதாதைச் சொல்லின் வழிவந்தவை என்பது இந்தோ-ஐரோப்பிய மொழியியலில் நெடுங்காலமாக நிலைபெற்ற முடிவு. ஜெர்மானியக் கிளையில் பழைய பகர ஒலி ஃபகரமாகவும் ககர ஒலி ஹகரமாகவும் மாறின. 'பிதர்' என்பதற்கு இணையாக ஆங்கிலத்தில் 'ஃபாதர்' நிற்பது இம்மாற்றத்தின் பழகிய சான்று. அதே வழியில் கோதிக் மொழியில் 'ஃபைஹு' என்றும், பழைய ஆங்கிலத்தில் 'ஃபெயோ' என்றும், இன்றைய ஜெர்மனில் 'ஃபீ' என்றும் இச்சொல் வழங்கியது. இவற்றுள் ஜெர்மன் சொல் இன்றும் கால்நடையையே குறிக்க, கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பிலோ அது பணம் என்னும் பொருளிலேயே ஆளப்பட்டிருக்கிறது. பழைய ஆங்கிலச் சொல் கால்நடை, உடைமை, பணம் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமந்தது. ரூனிக் எழுத்து வரிசையின் முதல் எழுத்துக்குப் பெயரும் இதுவே. தமிழ்நாட்டுப் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்குக் கட்டும் 'ஃபீஸ்' என்பதும், பழைய பிரெஞ்சு வழியாக வந்த இதே ஜெர்மானியச் சொல்லின் வழித்தோன்றல் என்பது சொற்பிறப்பியலாளர் பலரின் கருத்து.

மாடு முதலில் வந்ததா, செல்வம் முதலில் வந்ததா என்பதில் அறிஞரிடையே ஒரு கருத்து மோதல் உண்டு. கால்நடையே பழங்காலத்தின் செல்வம், ஆகவே கால்நடையின் பெயர் செல்வத்துக்கு ஆகிவந்தது என்பது பழைய, எளிய விளக்கம். பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்த் 1969இல் வெளியிட்ட இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொல்தொகுதி பற்றிய நூலில் இதைத் தலைகீழாக்கினார். அவர் கருத்துப்படி மூலச் சொல் இடம்பெயர்க்கத்தக்க உடைமை அனைத்தையும் குறித்தது; மேய்ச்சல் வாழ்வில் அத்தகைய உடைமையின் பெரும்பகுதி ஆடுமாடாகவே இருந்தமையால் சில மொழிகளில் அது கால்நடையாகச் சுருங்கியது. வேத இலக்கியத்தில் 'பசு' என்பது பசுமாட்டை மட்டுமன்றி குதிரை, ஆடு, செம்மறி ஆகியவற்றோடு மனிதனையும் உள்ளடக்கியது என்பதை அவர் சான்றாகக் காட்டினார். வேறு சிலரோ, மயிரைக் கோதுதல், கம்பளியைப் பறித்தல் என்னும் பொருளுடைய ஒரு வினையடியோடு இச்சொல்லை இணைத்து, அது தொடக்கத்தில் கம்பளி தரும் செம்மறியின் பெயராக இருந்திருக்க வேண்டும் என்பர். சீப்பைக் குறிக்கும் 'பெக்டென்' என்னும் இலத்தீன் சொல் அந்த வினையடியில் பிறந்தது. இவற்றுள் எது சரியாயினும், 'பசு' என்ற சொல்லின் விரிந்த பொருள் தமிழுக்குப் புதிதன்று. பதி, பசு, பாசம் என்னும் சைவ சித்தாந்தத்தின் முப்பொருளில் பசு என்பது கட்டுண்ட உயிர். தொழுவத்துப் பசுவும் சித்தாந்தத்தின் பசுவும் இலத்தீனின் 'பெக்குஸ்' என்பதற்கு உறவுச் சொற்களே.

ரோமர்கள் தங்கள் சொல்லின் பிறப்பைத் தாங்களே அறிந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வார்ரோ இலத்தீன் மொழியைப் பற்றிய தம் நூலில் 'பெக்கூனியா' என்பதை 'பெக்குஸ்' என்பதிலிருந்து வருவித்தார். சிசரோவும், ரோமுலுஸ் காலத்தில் தண்டம் ஆடுகளாகவும் எருதுகளாகவும் விதிக்கப்பட்டதற்குக் காரணம் அன்றைய செல்வம் கால்நடையிலும் நிலத்திலும் இருந்ததுதான் என்று எழுதினார். தண்டத்தைப் பற்றிய இச்செய்தி வெறும் பழங்கதை அன்று. கி.மு. 454ஆம் ஆண்டுக்குரியதாகச் சொல்லப்படும் அடெர்னியா தார்ப்பெயா சட்டம், அதிகாரி ஒருவர் விதிக்கக்கூடிய உச்சத் தண்டத்தை ஆடு, எருது ஆகியவற்றின் எண்ணிக்கையிலேயே வரையறுத்தது. ஆனால் ஓர் ஆடு மற்றோர் ஆட்டுக்கு நிகராவதில்லை. ஒரே குற்றத்துக்கு ஒருவர் கொழுத்த எருதையும் மற்றொருவர் எலும்பும் தோலுமான எருதையும் கொண்டுவந்து கட்டினால் தண்டம் சமமாகாது. இக்குறையை நீக்க ஆடொன்றுக்குப் பத்து 'ஆஸ்', எருதொன்றுக்கு நூறு 'ஆஸ்' என மதிப்பு வரையறுக்கப்பட்டது. 'ஆஸ்' என்பது வெண்கலத்தின் எடையைக் கொண்டு குறித்த அலகு. கி.மு. 430ஆம் ஆண்டின் ஜூலியா பப்பீரியா சட்டம் இந்த மாற்றத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. கால்நடையின் பெயரைச் சுமந்த சொல் உலோகத்தைக் குறிக்கத் தொடங்கியதற்குத் தொழுவத்தில் நின்ற உயிர்களின் சமமின்மையே ஒரு காரணம் ஆயிற்று.

மூத்த பிளினி இதற்கு வேறொரு விளக்கம் தருகிறார். செர்வியுஸ் துல்லியுஸ் மன்னர் முதன்முதலில் வெண்கலத்தில் கால்நடையின் உருவத்தைப் பொறித்தார், அதனாலேயே பணத்துக்கு அப்பெயர் வந்தது என்பது அவர் கூற்று. காளை உருவம் பொறித்த வெண்கலக் கட்டிகள் உண்மையிலேயே கிடைத்துள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அத்தகைய கட்டி ஒன்று செங்கல்லைப் போன்ற நீள்சதுரப் பாளம். இருபுறமும் பக்கவாட்டில் நிற்கும் காளை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இத்தகைய பாளத்தை மடியில் முடிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போக இயலாது. கிடைத்துள்ள பாளங்கள் பல துண்டுகளாக வெட்டப்பட்ட நிலையிலேயே இருப்பதால், அவை தராசில் நிறுத்துக் கொடுக்கப்பட்டன என்பது விளங்கும். எனினும் இக்காளைப் பாளங்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; செர்வியுஸ் துல்லியுஸ் ஆண்டதாகச் சொல்லப்படுவதோ கி.மு. ஆறாம் நூற்றாண்டு. மேலும் அதே வகைப் பாளங்களுள் ஒன்றில் யானையும் பன்றியும் பொறிக்கப்பட்டிருப்பதால், காளை உருவம் மட்டுமே பெயருக்குக் காரணம் என்பதும் நிற்காது. பிளினியின் விளக்கத்தைவிட வார்ரோவும் சிசரோவும் தந்த விளக்கமே ஏற்கத்தக்கது: உருவத்தால் அன்று, மதிப்பின் அளவுகோலாக இருந்தமையால் கால்நடை தன் பெயரைப் பணத்துக்கு விட்டுச்சென்றது.

ரோமச் சட்டத்தில் இச்சொல் விரிந்த பொருளுடையது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 'பெக்கூனியா' என்னும் பெயரில் எண்ணிக் கொடுக்கும் காசு மட்டுமன்றி நிலமும் அசையும் பொருளும், உருவுடைய பொருள்களும் உரிமைகளும் அடங்கும் என்று ஹெர்மோஜெனியானுஸ் என்னும் சட்ட அறிஞர் எழுதியது ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அடிமையோ தந்தையின் ஆளுகைக்கு உட்பட்ட மகனோ தனக்கென வைத்துக்கொள்ள விடப்பட்ட சிறு உடைமைக்கு 'பெக்கூலியும்' என்று பெயர். ஒருவருக்கே உரியது என்னும் அப்பொருளிலிருந்துதான், இன்று விசித்திரமான ஒன்றைக் குறிக்கும் 'பெக்யூலியர்' என்னும் ஆங்கிலச் சொல் கிளைத்தது. மாகாணங்களை ஆளச் சென்ற அதிகாரிகள் மக்களிடம் பறித்த பொருளைத் திரும்பப் பெறுவதற்கென ரோமர்கள் கி.மு. 149இல் நிலையான நீதிமன்றம் ஒன்றை அமைத்தபோது, அவ்வழக்குக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல்லைக் கொண்டே பெயரிட்டனர். சிசிலியின் ஆளுநராயிருந்த வெர்ரெஸ் மீது கி.மு. 70இல் சிசரோ தொடுத்த புகழ்பெற்ற வழக்கு இவ்வகையைச் சேர்ந்தது. கையூட்டையும் பொதுச்சொத்துக் கொள்ளையையும் பேசும் சட்டங்களில் இச்சொல் இன்றும் குடியிருப்பதற்கு இவ்வளவு நீண்ட முன்வரலாறு உண்டு.

கால்நடையின் பெயர் செல்வத்துக்கு ஆவது இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. தமிழில் 'மாடு' என்பதற்குச் செல்வம் என்னும் பொருள் உண்டு. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் இறுதிக் குறளில் அச்சொல் அப்பொருளிலேயே நிற்கிறது. 'மாடு' என்பதற்கும் 'பெக்குஸ்' என்பதற்கும் பிறப்புவழி உறவு எதுவுமில்லை. வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு சமூகங்கள் ஒரே வாழ்க்கைமுறையால் ஒரே முடிவுக்கு வந்தன என்பதே இதன் சிறப்பு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல் 'ஆகோள்' என்று ஆநிரை கவர்தலைக் குறிப்பிடுவதும், புறத்திணைகளின் வரிசையில் ஆநிரை கவரும் வெட்சி முன்னிற்பதும் இப்பின்னணியில் பார்க்கத்தக்கவை. இவற்றினும் ரோமப் 'பெக்கூனியா'வுக்கு நெருங்கி வருவது சோழர் காலக் கல்வெட்டுகளில் காணும் 'சாவா மூவாப் பேராடு' என்னும் வழக்கு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், மூப்பெய்தும். ஆனால் ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைத்துவைப்பது இடையரின் பொறுப்பாதலால் மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. முதல் அழியாமல் நிற்க அதன் பயன் மட்டும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் இவ்வேற்பாட்டுக்கு இன்றைய வங்கியின் நிலைவைப்பிலிருந்து வேறுபாடு அதிகமில்லை. ஆங்கிலத்தில் 'கேட்டில்', 'சேட்டல்', 'கேப்பிட்டல்' என்னும் மூன்று சொற்கள், அதாவது கால்நடை, அசையும் உடைமை, முதலீடு ஆகிய மூன்றும், தலை என்று பொருள்படும் ஒரே இலத்தீன் அடியிலிருந்து வந்திருப்பதன் காரணமும் இத்தகைய மந்தைகளைப் பார்த்தால் எளிதில் புலப்படும்.

ஆங்கிலத்தில் 'பெக்யூனியரி' 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. இலத்தீன் கற்ற வழக்கறிஞர்களும் திருச்சபை அலுவலரும் கொண்டுவந்த இச்சொல், உடலுக்குத் தரும் தண்டனையிலிருந்தும் ஆன்மிகக் கழுவாயிலிருந்தும் பணத் தண்டத்தைப் பிரித்துக் காட்டப் பயன்பட்டது. இந்தப் பிரித்துக் காட்டும் வேலையே அதன் பிற்கால வாழ்வு முழுவதையும் தீர்மானித்தது எனலாம். ரோமச் சட்ட அறிஞர் எல்லாவற்றையும் உள்ளே சேர்ப்பதற்காக விரித்த சொல், ஆங்கிலத்தில் பணம் அல்லாதவற்றை வெளியே நிறுத்தும் வேலியாக மாறியது. நூலோர் மொழிக்குரிய மிடுக்கு அதற்கு இருந்தமையால் 19ஆம் நூற்றாண்டில் அது இலக்கியத்திலும் புகுந்தது. 'டேவிட் காப்பர்ஃபீல்டு' புதினத்தில் கடன்காரர்களின் தொல்லையில் உழலும் மைக்காபரின் வாயில் டிக்கன்ஸ் இச்சொல்லை வைத்தார்; தெருவில் கடன்காரர் கூவி அழைக்கும் நிலையிலும் தம் வறுமையைக் கண்ணியமான சொல்லால் போர்த்திக்கொள்ளும் ஒரு மனிதரை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. டிக்கன்ஸின் தந்தையே 1824இல் கடனுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டவர் என்பதால், அந்தச் சித்திரத்தில் ஏளனத்தைவிடப் பரிவே மிகுதி. 1899இல் அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன், உழைக்காத மேல்தட்டு வகுப்பைப் பற்றிய தம் நூலின் அதிகாரத் தலைப்புகள் சிலவற்றிலேயே இதை அமைத்து, பணத்தால் பிறரோடு போட்டியிடும் பண்பாட்டுக்கு அறிவியல் கலைச்சொல்லாக உயர்த்தினார்.

எனினும் இச்சொல் மனித வாழ்வை நேரடியாகத் தொட்டது நீதிமன்றத்தில்தான். 1808இல் இங்கிலாந்தில் ஒரு பயணிவண்டி கவிழ்ந்தது. அதன்மேல் அமர்ந்து சென்ற ஒருவர் காயமடைந்தார். உடன் சென்ற அவர் மனைவி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். கணவர் தொடுத்த பேக்கர் எதிர் போல்ட்டன் வழக்கில் நீதிபதி எல்லன்பரோ பிரபு, உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் சாவைத் தீங்காகக் கொண்டு வழக்காட முடியாது என்றார். ஆகவே மனைவி உயிரோடு இருந்த அந்த ஒரு மாதத்துக்கும் கணவரின் சொந்தக் காயங்களுக்குமே ஈடு கிடைத்தது. ஒருவரைக் காயப்படுத்தினால் பணம் தர வேண்டும், கொன்றுவிட்டால் தர வேண்டியதில்லை என்னும் இந்த நிலை, இருப்புப்பாதைகள் பெருகி விபத்துகள் மலிந்த காலத்தில் தாங்க முடியாததாயிற்று. சாவுக்குக் காரணமான பொருளையோ அதன் மதிப்பையோ மன்னருக்குரியதாக்கும் 'டியோடண்ட்' என்னும் பழைய வழக்கத்தைப் பயன்படுத்தி, விபத்துக்குள்ளான இரயில் எஞ்சின்மீதே மரண விசாரணை நடுவர்கள் பெருந்தொகை விதிக்கத் தொடங்கினர். 1846இல் நாடாளுமன்றம் அந்த வழக்கத்தை ஒழித்து, அதே ஆண்டில் கேம்பெல் பிரபுவின் சட்டம் என வழங்கும் உயிர்போக்கு விபத்துச் சட்டத்தை இயற்றி, இறந்தவரின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் இழப்பீடு கேட்கலாம் என்றது.

அச்சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவில் 'பெக்யூனியரி' என்னும் சொல்லே கிடையாது. சாவினால் விளைந்த தீங்குக்கு ஏற்ற ஈட்டை நடுவர்கள் தரலாம் என்று மட்டுமே அது சொன்னது. தீங்கு என்பதில் துயரமும் அடங்குமா என்னும் கேள்வி 1852இல் ஓர் இருப்புப்பாதை விபத்தில் கணவரை இழந்த பெண் தொடுத்த பிளேக் வழக்கில் எழுந்தது. கவிஞர் கோல்ரிட்ஜின் உறவினரான நீதிபதி ஜான் டெய்லர் கோல்ரிட்ஜ் அளித்த தீர்ப்பு, பணமாக நேர்ந்த இழப்புக்கு மட்டுமே ஈடு உண்டு, மனவேதனைக்கு இல்லை என்று முடித்தது. ஒரு கைம்பெண்ணும் பிள்ளைகளும் தனித்தனியே எவ்வளவு வருந்தினர் என்று நடுவர்கள் அளக்கத் தொடங்கினால் பிரதிவாதிகள் அழிந்துபோவர் என்பது அதன் வாதங்களுள் ஒன்று. அளவற்ற ஈட்டுத் தொகை பற்றிய அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் எல்லைக்கு அப்பாலிருந்த ஸ்காட்லாந்துச் சட்டம் துயரத்துக்கென ஆறுதல் தொகை தந்துகொண்டே இருந்தது, அங்கு எந்த நிறுவனமும் அதனால் அழிந்ததாகத் தெரியவில்லை. சட்டம் எழுதாத ஒரு சொல்லை நீதிமன்றம் உள்ளே வைத்தது. அதன் விளைவாக, வருவாய் ஈட்டாத குழந்தை இறந்தால் பெற்றோருக்கு ஈடு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும் கொடுமை நேர்ந்தது. நெருங்கிய உறவை இழந்த துயரத்துக்கென ஒரு நிலைத்த தொகையை இங்கிலாந்துச் சட்டம் 1982இல்தான் ஏற்றது. அப்போது அது 3,500 பவுண்டு.

அதே 1852இல் இச்சொல் வேறொரு வழக்கில் நீதியின் பக்கம் நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். டைம்ஸ் என்பவர் ஒரு கால்வாய் நிறுவனத்தோடு நடத்திய வழக்கில், அந்நிறுவனத்துக்குச் சார்பாக ஆணை வழங்கிய சான்சலர் காட்டன்ஹாம் பிரபுவுக்கு அதே நிறுவனத்தில் பங்குகள் இருந்தது தெரியவந்தது. அவர் உண்மையில் ஒருபக்கம் சாய்ந்தார் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் பிரபுக்கள் சபை அவருடைய ஆணையை நீக்கியது. வழக்கில் பண ஆதாயம் உடைய எவரும், அந்த ஆதாயம் எவ்வளவு சிறிதாயினும், அவ்வழக்கை விசாரிக்கலாகாது என்னும் விதி இதன்வழி வேரூன்றியது. கண்ணுக்குத் தெரியாத மனச்சாய்வை மெய்ப்பிப்பது கடினம், பங்குப் பத்திரமோ கையில் எடுத்துக் காட்டத்தக்கது. அளந்து சொல்லத்தக்கதை மட்டும் பார்க்கும் இச்சொல்லின் இயல்பு இங்கே உறுதியாகப் பயன்பட்டது.

இந்தியாவுக்கு இச்சொல் பிரிட்டிஷ் ஆட்சியின் சட்டங்களோடு வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றி 1855இல் இயற்றப்பட்ட உயிர்போக்கு விபத்துச் சட்டம் பிளேக் வழக்கின் வேலியையும் உடன் கொண்டுவந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் ஆறாம் பிரிவின் தலைப்பிலேயே இச்சொல் உள்ளது. எவ்வளவு மதிப்புள்ள வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்னும் பண வரம்பை அப்பிரிவு பேசுகிறது. ஒரே வரப்புத் தகராறு நிலத்தின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ போவது இதனால்தான். நுகர்வோர் குறைதீர் ஆணையங்களுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்கு ஒரு கோடி ரூபாய் என வைத்த வரம்பு 2021இல் 50 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், வருமானத்துக்கு மீறிய சொத்துக் குவிப்பைச் சொல்லுமிடத்தில் இச்சொல்லைப் பயன்படுத்துகிறது. கையூட்டை வரையறுக்குமிடத்திலோ, அது பணமாகவோ பணத்தால் மதிப்பிடத்தக்கதாகவோ இருக்க வேண்டியதில்லை என்று விளக்கம் எழுதி அதே சொல்லின் வேலியைத் திட்டமிட்டுத் திறந்துவிடுகிறது.

வாகன விபத்து வழக்குகளில் அந்த வேலி மெல்ல மெல்லவே தளர்ந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம், காயம்பட்டவர் செலவழித்ததும் இழந்ததுமாகிய கணக்கிடத்தக்க தொகை ஒருபுறம், எண்கணக்கில் அடங்காத வலியும் வாழ்வின் இன்பங்களை இழந்ததும் மறுபுறம் என இரண்டு தலைப்புகளையும் விளக்கி, இரண்டுக்கும் ஈடு உண்டு என்றது. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, இறந்தவர்களின் குடும்பத்துக்கு, வருவாய் இழப்புக்கு மேலாக, இறுதிச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாயும், விட்டுச்சென்ற சொத்தில் ஏற்படும் இழப்புக்கு 15,000 ரூபாயும், துணையை இழந்ததற்கு 40,000 ரூபாயும் என வரையறுத்தது. மறு ஆண்டிலேயே, அந்த 40,000 ரூபாய்க்கு உரியவர் கணவனோ மனைவியோ மட்டுமல்லர், பிள்ளையை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும்கூட என்று மற்றொரு தீர்ப்பு விரித்துரைத்தது. கணக்கில் அடங்காதது என்று 1852இல் வெளியே நிறுத்தப்பட்ட அந்தத் துயரத்துக்கு வைக்கப்பட்ட தொகை, 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு உயர்த்தப்பட வேண்டும்.